உன் பொண்டாட்டியக் கப்பல் ஏத்தினது நான்தான்

டேய் மகனே,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்க எனக்குக் கை வரல. நீ நலமா இல்லன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நாளா வடலூர் பஸ் ஸ்டாண்டுலயும் குள்ளஞ்சாவடி சந்தையிலயும் இடுப்புல கத்திய சொருவிக்கினு நீ வசந்தாவத் தேடித் திரியிறதா ஆளுங்க வந்து சொல்றாங்க. வெத்தலபாக்குக் கடைக்காரன் சட்டையப் புடிச்சு உலுக்குனியாம். பஸ் கண்டக்டர் ஒருத்தன் மூஞ்சியில குத்துனியாம், அவன் மூக்குல ரத்தம் வந்துச்சாம். அந்தப் பாவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடா. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். உன் பொண்டாட்டி வசந்தாவும் உன் பொண்ணும் இப்ப கடல் மேல இருக்காங்க, பினாங்குக்குப் போற கப்பல்ல. அங்க வசந்தாவோட அண்ணன் மளிகைக்கடை வெச்சிருக்கான். டிக்கெட் எடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டவன் நான். நாகப்பட்டினத்துல நின்னு படகு ஏத்திவிட்டவனும் நான்தான். குத்தணும்னா என்னை வந்து குத்து. ஊராரை வுட்டுடு.

நேர்ல வந்து சொல்லாம கெழவன் ஏன் காகிதத்துல எழுதுறான்னு நெனப்ப. நம்ம ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னா வாய்க்கு முன்னாடி கைதான்டா பேசுது. அது உன் தப்பு மட்டும் இல்ல, அந்தப் பேச்சு நான் சொல்லிக் குடுத்ததுதான். அதனாலதான் எழுதுறேன். எட்டாங்கிளாஸ் படிச்சவன், எழுத்து கோணல்மாணலா இருக்கும். படிச்சு முடிச்சுட்டு கிழிச்சுப் போடு, அடுப்புல வையி, எனக்குக் கவல இல்ல. ஆனா கடைசி வரைக்கும் படி. நீ பாதியில எழுந்து கப்பல் ஆபீசுக்கு ஓடுனின்னா, உனக்குத் தெரிய வேண்டிய விசயம் மீதிப் பாதியில நின்னுபோவும்.

வசந்தா மூணு தடவ என் குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து நின்னா. மொதத் தடவ வந்தப்ப ஒரு கண்ணு வீங்கி மூடிக் கெடந்துச்சு. கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு குத்துனியாம். நான் என்னா சொன்னேன் தெரியுமா? "அவனுக்கு இன்னும் கான்ட்ராக்ட் வேலதாம்மா, பர்மனென்ட் ஆவலயேன்னு கடுப்புல இருக்கான், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்"னு சொல்லி, ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிக் குடுத்து, மந்தாரக்குப்பத்துல உன் வாடகை வூட்டு வாசல் வரைக்கும் நானே இட்டாந்து வுட்டுட்டுப் போனேன். ரெண்டாந்தடவ வந்தப்ப கை ஒடிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, "எப்படிம்மா ஒடிஞ்சுது?"ன்னு. அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, "கொழாயடியில வழுக்கி வுழுந்துட்டா சார்"னு பொய் சொன்னவன் நான். கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி திருப்பி அனுப்புனவனும் நான். அந்த ஒத்தக் கையோட அவ உனக்குச் சோறு வடிச்சா. நீயாவது குடிச்சுட்டு அடிச்சிருந்தா சாராயத்து மேல பழி போடலாம். நீ தெளிவா இருந்து அடிச்ச, நான் தெளிவா இருந்து அனுப்பி வெச்சேன். எவன் பெரிய பாவின்னு நீயே சொல்லு.

மூணாந்தடவ அவ காலையில வந்தா. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு சங்கு ஊதி கொஞ்ச நேரம் இருக்கும், எனக்கு அன்னைக்கு வார லீவு. இடுப்புல பாப்பா. வசந்தா ரவிக்க முழுக்க ரத்தம். அவ ரத்தம்னுதான் நான் நெனச்சேன். உங்கம்மா புள்ளைய வாங்கித் திருப்பிப் பாத்தா, காதோட மேல்பக்கம் கிழிஞ்சு தொங்கிக்கினு இருந்துச்சு. சைக்கிள் செயினால வசந்தாவ வெளுத்தியாமே, பாப்பா குறுக்க ஓடி வந்து அவ கால கட்டிப் புடிச்சுதாமே, அப்பவும் வீசின கைய நீ நிறுத்தலயாமே. ரெண்டு வயசுடா அதுக்கு. நெலக்கரி லாரி சத்தத்துக்கே பயந்து பாவாடைக்குள்ள ஒளியிற புள்ள அது. வசந்தா அன்னைக்கு அழல. "மாமா, இந்தத் தடவையும் அனுசரிச்சுப் போன்னு சொல்லுவீங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

அப்பவும் எனக்குப் புத்தி வந்துச்சுன்னு நெனச்சியா? அதான் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தத் தூக்கிக்கினு உன்னத் தேடி வந்தேன். சுரங்கத்து ஸ்டோர்ல வேல பாக்கறவனுக்கு ஸ்பானருக்கா பஞ்சம்? இருக்கறதுலயே பெருசா ஒண்ண எடுத்துத் துண்டுல சுத்திக்கினு வந்தேன். நீ மண்ணு வெட்டுற எடத்துக்குக் கெளம்பிக்கினு இருந்த. உன் தோள்பட்டையில மொத அடி நான்தான் அடிச்சேன், மறுக்கல. நீ ஸ்பானரப் புடுங்கி வீசிட்டு என் வாய்லயே குத்துன. கீழ போட்டு விலாவுல உதைச்ச. முன்பல்லு ரெண்டு போச்சு. தெருவுல நின்னவன் எல்லாம் "அப்பனும் மவனும் அடிச்சுக்கிறானுங்க"ன்னு வேடிக்க பாத்தான். வாய்ல மண்ணோட கெடந்தப்ப எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. நான் உன்ன ஜெயிச்சாலும் நீ அந்தக் கடுப்ப வசந்தா மேல எறக்குவ, நீ ஜெயிச்சாலும் அவ மேலதான் எறக்குவ. எந்தப் பக்கம் வுழுந்தாலும் அடி அவளுக்குத்தான். அவள உன் கை எட்டாத எடத்துல வெக்கறத வுட்டா வேற வழி கெடையாதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

வசந்தா பொறந்தது பினாங்குல, பத்து வயசுலதான் அவ அப்பாவோட இந்தப் பக்கம் வந்தா. அங்க போறதுக்கு அவளுக்குக் காகிதம் எல்லாம் இருந்துச்சு. "பாப்பாவ வெச்சிக்கினு ஒத்தப் பொம்பளையா எப்படிப் போவ?"ன்னு நான் கேட்டதுக்கு உங்கம்மா குறுக்க வந்து, "நான் கூடப் போறேன்"னா. கொண்டுபோய் அண்ணன் கையில ஒப்படைச்சுட்டு அடுத்த கப்பல்ல திரும்பிடுவான்னு நெனச்சேன். நல்ல யோசனன்னு பட்டுச்சு. உங்கம்மாவுக்குப் பாஸ்போட்டு எடுக்க மெட்ராசுக்கு எத்தன நட நடந்தேன் தெரியுமா? நீ கேட்டப்ப எல்லாம் பல்லு கட்டப் போறேன்னு சொன்னேன். நீதான ஒடைச்ச, அதனால ஒண்ணும் கேக்காம வுட்டுட்ட. அது கைக்கு வர்ற வரைக்கும் உனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு வசந்தா உன் வூட்டுலயே பல்லக் கடிச்சிக்கினு கெடந்தா.

இப்ப கப்பல் விசயத்துக்கு வர்றேன். பினாங்குக்கு ரெண்டு கம்பெனிக் கப்பல் போவுது. பேரு எழுத மாட்டேன், பெரிய கம்பெனி, சின்ன கம்பெனின்னு வெச்சுக்க. ரெண்டு கம்பெனியும் பயணிங்களுக்கான விதின்னு புஸ்தகம் போட்டு வெச்சிருக்கான், பூராவும் இங்கிலீசு. பெரிய கம்பெனி மெட்ராஸ் துறைமுகத்துலேருந்து பொறப்படுது. அதுல கட்டில் உண்டு, பொம்பளைங்களுக்குத் தனி எடம் உண்டு, கப்பல்லயே டாக்டர் உண்டு, கொழந்தைங்களுக்குக் காலையில ஒரு வேள சாயங்காலம் ஒரு வேள பால் உண்டு, டிக்கெட்ட ரத்து பண்ணா பணம் திரும்ப வரும். சின்ன கம்பெனி நாகப்பட்டினத்துக்கும் வரும். அதுல ஒரு மண்ணும் கெடையாது. மேல்தட்டுல தார்ப்பாய்க்குக் கீழ நம்ம பாய நாமளே விரிச்சுக்கணும். தட்டு டம்ளர் நாமளே கொண்டுபோவணும். வரிசையில நின்னா சோறும் சாம்பாரும் ஊத்துவான், பால் கேட்டா மொறைப்பான். மழ வந்தா நனைய வேண்டியதுதான். பொட்டி காணாமப் போனா அவன் பொறுப்பு இல்ல. படிச்சுப் பாத்தா எவனுமே பெரிய கம்பெனிக்குத்தான் போவான். நானும் மொதல்ல அங்கதான் போனேன்.

கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா உக்காந்திருந்தான். மருமவளும் பேத்தியும் போறாங்கன்னேன். "புருசன் நேர்ல வந்து அதிகாரி முன்னாடி சம்மதக் கடிதம் எழுதிக் குடுக்கணும்"னான். புருசன் வர முடியாதுன்னேன். "அப்ப டிக்கெட் கெடையாது." கொழந்த காதுல கட்டு போட்டிருக்குன்னேன். "ஆறாத காயம் இருந்தா ஏத்த மாட்டோம், டாக்டர் சர்டிபிகேட் வேணும், எப்படிக் காயம்னு எழுதியிருக்கணும்." போறவங்க பேரு வெளிய தெரியுமான்னு கேட்டேன். "கப்பல் கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டியல் போர்டுல ஒட்டிடுவோம், யாரு வேணும்னாலும் பாக்கலாம்"னு பெருமையாச் சொன்னான். கடைசியா ஒண்ணு கேட்டேன்: "சார், பொம்பள கப்பல்ல ஏறி உக்காந்துட்டா. அப்புறம் அவ புருசன் வந்து, என் பொண்டாட்டிய எறக்குன்னு கேட்டா?" அவன் என்ன ஏற எறங்கப் பாத்தான். "எறக்கிக் குடுத்துடுவோம் பெரியவரே. புருசன் பொண்டாட்டி விசயத்துல கம்பெனி தலையிடாது"ன்னான். கட்டிலும் பாலும் டாக்டரும் குடுத்து, உன் கையில திருப்பிக் குடுக்கறதுக்கு எதுக்குடா அந்தக் கப்பல்?

சின்ன கம்பெனி ஆபீசு ஒரு சந்துக்குள்ள மாடியில இருந்துச்சு. அங்க இருந்தவன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு டீ குடிச்சுக்கினு இருந்தான். அதே கேள்விங்கள அவன்கிட்டயும் கேட்டேன். புருசன் வரலன்னா புருசன் வூட்டுப் பெரியவரு கையெழுத்துப் போட்டாப் போதும்னான். சின்னக் கொழந்தையோட போற பொம்பளைக்குத் தொணையா இன்னொரு பொம்பள கட்டாயம் இருக்கணும், அவ்வளவுதான். காயத்தப் பத்தி அவங்களுக்குக் கவல இல்ல, அம்மை ஊசி, காலரா ஊசி போட்ட சீட்டு இருந்தாப் போதும். பட்டியல் எங்கயும் ஒட்ட மாட்டாங்க. புருசன் வந்து எறக்கச் சொன்னா என்னா பண்ணுவீங்கன்னேன். அவன் டீ டம்ளர கீழ வெச்சான். "யோவ், கப்பல் கரையிலேருந்து தூரத்துல நிக்கும். படகுலதான் போவணும். ஏணியத் தூக்கிட்டா அப்புறம் கேப்டன் பேச்சுதான். எவன் புருசன் நீந்தி வருவான்?"னான். அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டேன். நனைஞ்சாலும் பரவால்ல, பால் இல்லாட்டியும் பரவால்லன்னு.

ரெண்டு புஸ்தகத்தையும் வரி வரியாப் படிச்சு அர்த்தம் சொன்னவரு தாமஸ் சார். டைம் ஆபீசுல கிளார்க்கு, மலையாளத்துக்காரரு, நம்ம பிளாக்குலயே குடியிருக்காரு. அவரு வூட்டு நாக்காலியில உக்கார எனக்கு எப்பவுமே கூசும். ஏன்னு உனக்குத் தெரியும், நீ அப்ப பதினஞ்சு வயசுப் பையன். ஆனா நம்ம வூட்டுல யாரும் அதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. இன்னைக்கு நான் தொறக்கறேன். டவுன்ஷிப் கட்ட ஆரம்பிச்ச புதுசு. ஊருல ஒவ்வொரு வூடும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கண்ணக் கட்டி வுட்டாலும் போயிடலாம். இங்க வந்தா, வரிசைக்கு வரிச ஒரே வூடு. ஒரே கதவு, ஒரே சன்னல், ஒரே சுண்ணாம்பு. எனக்கு அடையாளம் வாசக் கயித்துல உங்கம்மா காயப் போடுற என் செவப்புத் துண்டுதான். அன்னைக்குக் கரித்தூசியோட காத்து அடிச்சுதுன்னு அவ துணிய எடுத்து உள்ள போட்டுட்டா. நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு முடிஞ்சு ரெண்டு மணி வெயில்ல வர்றேன். ஃபோர்மேன் நாலு பேரு முன்னாடி என்னத் திட்டிட்டான், மனசு கொதிக்குது. அந்தக் கொதிப்ப எறக்க எனக்கு ஒரு எடம் இருந்துச்சு, அது உங்கம்மா முதுகு. செவப்புத் துண்டு ஒரு வாசல்ல தொங்குது. உள்ள பூந்தேன்.

வெயில்லேருந்து வந்த கண்ணுக்கு உள்ள இருட்டு. அடுப்பாண்ட ஒரு பொம்பள குனிஞ்சு கஞ்சி வடிச்சிக்கினு இருந்தா. ஒரு வார்த்த பேசல நான். மயிரப் புடிச்சு இஸ்து செவுத்துல மோதினேன். ரெண்டு தடவ. கஞ்சிச் சட்டி கவுந்து அவ கால்ல கொட்டிச்சு. "ஐயோ"ன்னு அவ கத்தின குரல் வேற குரலா இருந்துச்சு. திரும்புனா தாமஸ் சார் சம்சாரம் ஏலியம்மா, நெத்தி ஒடைஞ்சு ரத்தம். நான் கையெடுத்துக் கும்புட்டுக்கினே பின்னாடியே வந்தேன். அதுக்குள்ள பிளாக்கே கூடிடுச்சு. இஸ்துப் போட்டு அடிச்சானுங்க. வெறவுக்கட்ட, செருப்பு, பக்கெட், எது கெடைச்சுதோ அதால. ஒரு விலா எலும்பு ஒடைஞ்சுது. எங்கூட வேல செய்யிறவன் ஒருத்தன் என் நெஞ்சு மேல கால வெச்சுக்கினு கத்துறான்: "உன் பொண்டாட்டிய நீ வெட்டிப் போடு, எவன் கேட்டான்? அடுத்தவன் பொண்டாட்டி மேலயாடா கை வெப்ப?" எல்லாரும் ஆமா ஆமான்னானுங்க. உங்கம்மா வாசல்ல நின்னுக்கினு இருந்தா. ஓடி வந்து தடுக்கல, அழவும் இல்ல. ஒவ்வொரு அடியையும் பாத்துக்கினு நின்னா. அவ அலறல் அந்தச் செவுத்துங்களுக்கு வெளிய எத்தன நாள் கேட்டிருக்கும்? ஒரு நாளாவது ஒருத்தன் வெறவுக்கட்ட எடுத்தானா? அதைத்தான் அவ நின்னு யோசிச்சிருப்பா.

சாயங்காலம் தாமஸ் சார் வந்தாரு. இன்னும் நாலு சாத்து சாத்துவாருன்னு சுருண்டு படுத்திருந்தேன். அவரு நின்னுக்கினே கேட்டாரு: "வீடு தெரியாம அடிச்சது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. வீடு தெரிஞ்சு அடிச்சா அது சரியா?" அவ்வளவுதான், போயிட்டாரு. மறுநாள் நொண்டிக்கினே போயி ஏலியம்மா கால்ல வுழுந்தேன். "தங்கச்சி, மன்னிச்சுடு"ன்னு ஊரு பாக்க அழுதேன். அதே வூட்டுலேருந்து மூணு வாசல் தள்ளி உங்கம்மா இருந்தா. அவ கால்ல வுழல. பதினாறு வருசம் என்கிட்ட அடி வாங்குனவகிட்ட ஒத்த வார்த்த கேக்கல. ஆனா அன்னையோட கை வெக்கறத நிறுத்திட்டேன். திருந்தித்தான் நிறுத்துனேன்னு ரொம்ப நாள் பீத்திக்கினு இருந்தேன். பொய்யிடா. ஒடைஞ்ச எலும்புக்குப் பயந்து நிறுத்துனேன். நீ எங்களப் பாத்து வளந்தவன், நான் நிறுத்துனத நீ கவனிக்கல. அதுக்கு முன்னாடி பண்ணத எல்லாம் கவனிச்சிருக்க.

போன செவ்வாக்கெழம நீ வேலைக்குப் போனதும் கெளம்பினோம். நாகப்பட்டினம் போற வரைக்கும் பஸ்சு நின்ன எடமெல்லாம் நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன். வசந்தா பாப்பாவ முந்தானைக்குள்ள மூடிக்கினு குனிஞ்சே உக்காந்திருந்தா. ஒரு எடத்துல உன்ன மாதிரி தாடி வெச்ச ஒருத்தன் ஏறினான், அவ ஒடம்பு வெடவெடன்னு ஆடினது சீட்டு வழியா எனக்குத் தெரிஞ்சுது. அந்தாளு உக்காந்து மாலைப் பேப்பர் பிரிச்சப்புறம்தான் அவ மூச்சு வுட்டா. நீ தேடுறது இந்தப் பொம்பளையத்தான். உன் பேர நெனச்சாலே நடுங்குறவள.

நாகப்பட்டினம் ஆபீசுல ரெண்டு காகிதம் நீட்டுனாங்க. ஒண்ணு வசந்தாவுக்கு, புருசன் வூட்டுப் பெரியவரா நான் போட வேண்டியது. போட்டேன். இன்னொண்ணு உங்கம்மாவுக்கு, புருசனா நான் போட வேண்டியது. குமாஸ்தா கேட்டான், "அம்மாவுக்குப் போக வர டிக்கெட்டா, போக மட்டுமா?"ன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள உங்கம்மா, "போக மட்டும்"னா. "என்னாடி சொல்ற?"ன்னேன். அவ என்னப் பாக்காம அந்தக் காகிதத்தப் பாத்துக்கினு சொன்னா: "நான் திரும்பி வரலைங்க. வசந்தா அண்ணன் கடையில எதாவது வேல செஞ்சு பொழச்சுக்குவேன். போடுங்க. நீங்க போடலன்னா தொணைக்கு ஆள் இல்லன்னு வசந்தாவையும் ஏத்த மாட்டாங்க. அவன் வந்து நிப்பான்." எத்தன மாசமா அந்தப் பாஸ்போட்டுக்கு அலைஞ்சேன், என் பொண்டாட்டி என்ன வுட்டுப் போறதுக்கு நான்தான் அலைஞ்சேன்னு அப்பதான் தெரிஞ்சுது. என் வலது கை தன்னால மூடிக்கிச்சுடா. ஆபீசுல அத்தன பேரு முன்னாடி, எட்டு வருசத்துக்கு அப்புறம், அந்தக் கை கேட்டுது. பாப்பா பெஞ்சு மேல உக்காந்து பொரி தின்னுக்கினு இருந்துச்சு. கையப் பிரிச்சு பேனாவ எடுத்தேன். அழுத்துன அழுத்துல நிப்பு காகிதத்தக் கிழிச்சுடுச்சு. குமாஸ்தா திட்டிட்டு வேற காகிதம் குடுத்தான். ரெண்டாந்தடவ மெதுவாப் போட்டேன்.

இத எதுக்குச் சொல்றேன்னா, உனக்கு ஒரு கதவு இன்னும் தொறந்திருக்கு. பினாங்குக்கு நீயும் போவலாம், அண்ணன் கடைய விசாரிச்சுக் கண்டுபுடிக்கலாம். உன்னத் தடுக்க எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல, கப்பல் கம்பெனிக்கும் உன்ன ஏத்தாம இருக்க விதி இல்ல. ஆம்பளைக்கு எவனும் சம்மதக் கடிதம் கேக்க மாட்டான், தாமஸ் சார் ரெண்டு புஸ்தகமும் படிச்சுச் சொல்லிட்டாரு. உன்ன நிறுத்தணும்னா நீதான் நிறுத்தணும். அதுக்குத்தான் படகாண்ட நடந்தத எழுதுறேன். இதப் படிச்சுட்டு அப்புறம் போறதுன்னா போ.

படகு அல மேல ஏறி எறங்கிக்கினு இருந்துச்சு. வசந்தா மொதல்ல ஏறிட்டா. பாப்பாவ வாங்கி உள்ள குடுத்தேன், அது என் மீசையப் புடிச்சு இஸ்துட்டுப் போச்சு. அடுத்து உங்கம்மா ஒரு கால படகுல வெச்சா, படகு தள்ளிப் போச்சு, கால் வழுக்கிச்சு. வுழுந்துடப் போறாளேன்னு புடிக்கறதுக்குக் கையத் தூக்கினேன். புடிக்கறதுக்குத்தான்டா தூக்கினேன். அவ சட்டுனு தலையக் குனிஞ்சு, ரெண்டு முழங்கையாலயும் மூஞ்சிய மூடிக்கினா. எட்டு வருசமா நான் தொடாத பொம்பள. தண்ணியில வுழப்போற நேரத்துல, கடலுக்குப் பயப்படல, என் கைக்குப் பயந்தா. படகுக்காரன்தான் அவ இடுப்பப் புடிச்சு உள்ள தூக்கிப் போட்டான். அவ எழுந்து பொடவையச் சரி பண்ணிக்கினு பாப்பாவ மடியில வெச்சுக்கினா. திரும்பிப் பாக்கல. நான் தூக்குன கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம படகு போற வரைக்கும் அப்படியே நின்னேன். நீ கடல் தாண்டிப் போயி வசந்தாவப் புடிச்சுக்கினு வந்தாலும், சத்தியம் பண்ணித் திருந்தி ஒரு அடி கூட அடிக்காம இன்னும் இருவது வருசம் வாழ்ந்தாலும், நீ அவ தலைக்குப் பூ வெக்கக் கையத் தூக்குற அன்னைக்கு அவ குனிஞ்சுக்குவாடா.

உன் அப்பன்.